வெள்ளாறு தெரிந்தவர்

வெள்ளாற்றில் எந்த இடத்தில் எந்த மாதம் என்ன மீன் கிடக்கும் என்று எழுதிவைத்த ஏடு எதுவும் கிடையாது. எங்கள் ஊரைச் சுற்றி, பெலாந்துறை அணைக்கட்டுக்குக் கீழே தொடங்கி மணிமுத்தாறு வந்து சேரும் கூடலையாற்றூர் வரைக்கும் அந்தக் கணக்கு ஒருவர் தலைக்குள் இருந்தது. அவர் போன வருடம் வைகாசியில் இறந்துபோனார். வாயில் புற்றுநோய். அவர் சொன்னதில் எனக்கு நினைவு இருப்பதையாவது எழுதிவைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பேரைப் போட வேண்டாம் என்று அண்ணி கேட்டுக்கொண்டார்கள். அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். நான் அவரைக் கூப்பிட்டதும் அப்படித்தான்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம். கருவேப்பிலங்குறிச்சி, விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையில் இருக்கிறது. நாலு பக்கமும் பஸ் போகிற கூட்டுரோடு. வெள்ளாறு பக்கத்திலேயே. சேலம் பக்கத்திலிருந்து வரும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்துதான் வெள்ளாறு ஆகிறது. பரங்கிப்பேட்டையில் போய்க் கடலில் விழுகிறது. மழையை நம்பிய ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் கரை தொட்டு ஓடும். தை, மாசியில் தெளியும். பங்குனியில் மடுக்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். சித்திரையில் மணலில் கால் வைக்க முடியாது. தூண்டில்காரனுக்கு வருடத்தில் மூன்று நான்கு மாதம்தான் வாழ்வு. மற்ற நாளெல்லாம் ஏரி, குளம், வாய்க்கால் என்று அலைய வேண்டும்.

நாங்கள் பழகியது பஸ்ஸில். நான் விருத்தாசலத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவன். அவருக்கு செராமிக் தொழிற்பேட்டையில் வேலை. காலையில் இரண்டு பேருக்கும் ஒரே பஸ். ஒரு தை மாதத்தில் அவருடைய பெருவிரல் வீங்கியிருந்தது. “என்னண்ணே, மிஷின்ல மாட்டிக்கிச்சா?” என்று கேட்டேன். “கெளுத்தி குத்திருச்சு தம்பி” என்றார். கெளுத்திக்கு இரண்டு பக்கச் செட்டையிலும் முதுகிலும் முள் உண்டு, பிடிக்கத் தெரியாதவனைத்தான் குத்தும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சொன்னதும் சிரித்தார். “தெரிஞ்சவன் அவசரப்பட்டாலும் குத்தும்” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அவருடைய வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் தூண்டில் போட்ட விதம் அங்கே படித்ததுதான் என்று எனக்குத் தோன்றும். விருத்தாசலம் பீங்கான் என்றால் வெளியில் பொம்மையும் அகல் விளக்கும் ஜாடியும் தெரியும். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஃபியூஸ் கேரியர்தான் சோறு போட்டது என்பார். வீடுகளில் எம்.சி.பி. சுவிட்ச் வந்த பிறகு அந்த வேலை சுருங்கிவிட்டது. அவர் பொம்மை வார்க்கும் பட்டறைக்கு மாறினார். பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்பக்கம் மண் ஏடு கட்டும். ஏடு வேண்டிய கனத்துக்கு வந்ததும் மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட வேண்டும். முந்திக் கவிழ்த்தால் பொம்மை அச்சிலிருந்து எடுக்கும்போதே பிய்யும். பிந்தினால் கனம் கூடிப்போகும். கடிகாரம் பார்த்துச் செய்யலாம்தான். ஆனால் காற்றில் ஈரம் இருக்கிற நாளில் ஒரு கணக்கு, வெயில் காய்கிற நாளில் ஒரு கணக்கு. அண்ணன் அச்சின் வாயைக் குனிந்து பார்த்தே சொல்லிவிடுவார். அதே கண்ணால்தான் தக்கையையும் பார்த்தார்.

தக்கைக்கு மயிலிறகின் தண்டு. கழிக்கு மூங்கில். ஃபைபர் கழி ஒன்றை அவருடைய மகன் வாங்கி அனுப்பியிருந்தான். அது உறையோடு பரணில் கிடந்தது. நரம்பில் எல்லாரும் ஈயக்குண்டு கட்டுவார்கள். இவர் ஹீட்டர் கம்பியில் கோக்கிற சின்னப் பீங்கான் மணியைக் கோத்திருப்பார். பட்டறையில் மூளியாகி ஒதுக்கிப் போட்ட மணிகள். “ஈயம் விறுவிறுன்னு எறங்கிச் சேத்துல பொதைஞ்சிரும். இது மெதுவா எறங்கும். மீனுக்குப் பாக்க நேரம் கெடைக்கும்” என்பார். நான் இரண்டையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். கலங்கல் தண்ணீரில் வித்தியாசம் தெரியாது. தை மாதத்துத் தெளிந்த தண்ணீரில் மணிதான் ஜெயிக்கும்.

இப்போது ஆற்றுக் கணக்கு. பாலத்துக்குக் கிழக்கே, தூண்களை ஒட்டித் தண்ணீர் சுழித்துக் குழி பறித்திருக்கிற இடத்தில் கெளுத்தி கிடக்கும். சாயங்காலம் வெளிச்சம் போகிற நேரத்தில் மண்புழுவோ கோழிக்குடலோ கோத்து அடியில் கிடக்க விட வேண்டும். கெண்டைக்கு அப்படி இல்லை. காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், ஓட்டம் தளர்ந்து நாணல் தொடங்குகிற விளிம்பில், தவிடு கலந்த மாவு உருண்டை. ஆரால் மணலுக்குள் தலையை வைத்துக்கொண்டு கிடக்கும், அதற்குத் தனியாகப் போட்டு மெனக்கெடக் கூடாது, வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். 2015 நவம்பர் வெள்ளத்தில் ஏரி குளமெல்லாம் வழிந்து, வளர்ப்புக்கு விட்டிருந்த கட்லாவும் ரோகுவும் ஆற்றில் இறங்கின. அடுத்த தையில் ஊரே கழியைத் தூக்கிக்கொண்டு வந்தது. அண்ணன் அந்த வருடம் அதிகம் வரவில்லை. கரையில் கூச்சல் இருந்தால் அவருக்குப் பிடிக்காது.

விராலைப் பற்றி மட்டும் அவர் சொன்னதை எழுதினால் ஒரு புத்தகம் தேறும். விரால் செவுளை மட்டும் நம்பி வாழ்கிற மீன் இல்லை. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அந்த ஒரு குமிழியை வைத்து, அது எந்தப் பக்கம் போகிறது, அடுத்து எங்கே எழும்பும் என்று சொல்லிவிடுவார். சின்னத் தவளையைக் கோத்து, கோரைக்கு மேலே தத்துகிற மாதிரி இழுத்து வருவார். அந்த இழுப்பு எனக்கு இன்றுவரை கைவரவில்லை.

ஆனால் விரால் குஞ்சோடு இருந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுவார். விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே கூட்டமாக மேலே மொய்க்கும், தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்த நேரத்தில் கூட்டத்துக்கு நடுவே எதைப் போட்டாலும் பெரிய மீன் வந்து கவ்வும். பசியில் இல்லை, குஞ்சைக் காப்பாற்ற. வெளியூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் அப்படி ஒன்றைத் தூக்கியபோது அவர் சண்டைக்கே போய்விட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். “ரெண்டு கிலோ மீனுக்காக ஐந்நூறு குஞ்சைக் கெளுத்திக்கிட்ட வுட்டுட்டீங்களேடா” என்றார். பையன்கள் மீனைத் திரும்ப விட்டார்கள்.

புது வெள்ளம் வருகிறபோதும் போட மாட்டார். புதுத் தண்ணீருக்கு மீன் சினையோடு எதிரேறும். ஊத்தா, வலை, சேலை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஜனம் இறங்குகிற நாள்கள் அவை. இவர் வீட்டில் உட்கார்ந்து முள்ளைத் தீட்டிக்கொண்டிருப்பார். ஜிலேபிக்கு மட்டும் இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. அது நம்ம ஊர் மீனே இல்லை; 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டது, இன்று எந்தக் குட்டையிலும் அதுதான். ஒருநாள் வீச்சு வலைக்காரர் ஒருவரின் வலையில் விழுந்த ஜிலேபி வாயிலிருந்து பொடிக் குஞ்சுகளைத் துப்பியது. தாய் ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்து வளர்க்கும், அந்த நாள்களில் இரை எடுக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அண்ணன் அந்த மீனைக் கேட்டு வாங்கித் தண்ணீரில் விட்டார். ஜிலேபியைக் கண்டாலே திட்டுகிறவர்.

ஆற்றில் மணல் அள்ளிய பிறகு இந்தக் கணக்கில் பாதி செல்லாமல் போனது. மடு இருந்த இடம் மேடாகிவிட்டது. மேடு இருந்த இடத்தில் ஆள் முங்கும் குழி. மணல் இருந்தால் சித்திரையிலும் கையால் தோண்டினால் ஊற்று சுரக்கும், அந்த ஈரத்தில்தான் அடுத்த வருடத்து மீன் பிழைக்கும் என்பது அவருடைய வாதம். வருடா வருடம் தண்ணீர் வடிந்ததும் ஒருநாள் முழுக்க ஆற்றில் நடந்து, எந்தக் குழி எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்து வருவார். அந்த நடைக்கு மட்டும் யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

இத்தனை வருடமும் அவர் வலது கன்னத்துக்குள் போயிலை இருந்தது. காலையில் எழுந்ததும் ஒன்று, பட்டறையில் சூளைப் பக்கம் நிற்கும்போது ஒன்று, கரையில் தக்கை அசையாமல் கிடக்கும்போது ஒன்று. மண்தூசி தொண்டைக்குள் போகாமல் இருக்க அதுதான் காப்பு என்று பட்டறையில் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததாம். இந்தியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 21 பேர் புகைக்காத புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள் என்று 2016-17-ல் எடுத்த கணக்கெடுப்பு சொல்கிறது. பாக்கு மட்டும் போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே வெளியிட்டுவிட்டது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-ல் தடை வந்தது. பெட்டிக்கடையில் கேட்கிற விதமாகக் கேட்டால் இன்றும் கிடைக்கிறது.

முதலில் மீன் குழம்பில் காரம் கூடிவிட்டது என்று அண்ணியிடம் கோபித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் ரசமே எரிந்தது. கன்னத்துக்குள் ஒரு புண். ஒரு டாக்டரிடம் காட்டினார், சூட்டுப் புண் என்று சத்து மாத்திரையும் தடவ ஒரு மருந்தும் கிடைத்தது. அதிலேயே இரண்டு மாதம் போனது. பிறகு வாய் முழுதாகத் திறக்கவில்லை. நம் கையின் மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடிய வேண்டும்; அவருக்கு ஒன்றரை விரல்தான் போனது. தாடைக்குக் கீழே நெறி கட்டியது. அதன் பிறகுதான் கடலூர் வழியாகப் புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம், ஜிப்மருக்கு.

இந்த இடத்தில் ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். கேரளாவில் 1996-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்காரர்கள். பயிற்சி கொடுத்த ஊழியர்கள் வீடு வீடாகப் போய், 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, ஆறாத புண் தென்பட்டால் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. 2005-ல் முடிவு வெளியானது: புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம், இப்படிப் பார்த்த ஊர்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. இந்திய ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாயில் வருவதுதான் முதலிடத்தில் இருக்கிறது. மற்ற புற்றுநோய்கள் பலவும் உடம்புக்குள் ஒளிந்திருக்கும். இது கண்ணாடி முன்னால் நின்றால் தெரிகிற இடத்தில் இருக்கிறது. அண்ணனுடைய தூண்டில் பையில் எப்போதும் டார்ச் லைட் ஒன்று இருந்தது. ராத்திரியில் முள் கட்டுவதற்காக வைத்திருந்தது. வாயில் புண் வந்து மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும், காட்டுங்கள். முதலில் பார்த்தவர் சூட்டுப் புண் என்றால் இன்னொருவரிடம் காட்டுங்கள். தயவுசெய்து.

சதை எடுத்துப் பார்த்ததில் உறுதியானது. அவர் அழவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து, “அண்ணாவே இதுலதான தம்பி போனாரு. அமெரிக்கா வரைக்கும் போயி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தாரு” என்றார். அவருடைய அப்பா 1969 பிப்ரவரியில் அண்ணாவின் இறுதி ஊர்வலத்துக்குச் சென்னை போனவர். அந்தக் கதையை அன்றைக்கு முழுதாகச் சொன்னார். அவர் நன்றாகப் பேசி நான் கேட்ட கடைசிக் கதை அது. ஆபரேஷனில் தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். மார்பிலிருந்து சதையைத் திருப்பிக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. முகத்துக்கு அளவெடுத்த முகமூடி ஒன்றை மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். அசையக் கூடாது. “அச்சுக்குள்ள நம்மள ஊத்தி வெச்ச மாதிரி இருக்கு” என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

கதிர்வீச்சு எச்சிலை வற்றவைத்துவிடும், நாக்கின் ருசியை எடுத்துவிடும். மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி. ஊருக்கு வந்த பிறகு வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் உரக்கப் பேசினார்கள், காது கேட்காதவரிடம் பேசுவதுபோல. முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டுத் தொழுவத்தைப் பார்த்துப் பேசினார்கள். அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு கார்த்திகை முடிவில் நான் போனபோது கழியை எடுத்து வாசலில் சாய்த்துவைத்திருந்தார். அண்ணி என்னைப் பார்த்து, “கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா தம்பி, இங்க இருந்தா மனுசன் செத்துருவாரு” என்றார்கள்.

அந்தத் தையும் மாசியும்தான் நாங்கள் அதிகம் போட்ட காலம். கரையில் அவர் நோயாளி இல்லை. அங்கே முன்னாலும் பேச்சு கிடையாது, இப்போதும் கிடையாது. அதனால் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. கையைத் தாழ்த்தினால் ஆழத்தைக் கூட்டு, விரலை மடக்கினால் இழு. பிடித்த மீனை அவர் சாப்பிட முடியாது. அது தெரிந்தேதான் பிடித்தார். பிடித்ததையெல்லாம் போகிற வழியில் யார் வீட்டிலாவது கொடுத்துவிட்டுப் போவோம். ஒரு நாள் அண்ணி விராலைக் குழம்பு வைத்து, அந்தத் தெளிவை மட்டும் வடிகட்டிக் குழாயில் ஊற்றினார்கள். ருசி தெரிய வழியே இல்லை. வாசனை தெரிந்தது என்று சைகையில் சொன்னார்.

மாசிக் கடைசியில் கழுத்தில் மறுபடி கட்டி வந்தது. இனி வலிக்கு மட்டும் மருந்து என்றார்கள். மார்ஃபின் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தோம். வலி அடங்கிய நேரங்களில் தரையில் சாக்குக்கட்டியால் ஆற்றை வரைந்து எனக்குக் காட்டினார். எந்தக் குழி, எந்தத் தூண், எங்கே சகதி, எங்கே பாறை. நான் அதைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மேலே எழுதியதில் பாதி அதைப் பார்த்து எழுதியதுதான். வைகாசியில், ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லாத நாளில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் படையல். விரால் குழம்பு வைக்க வேண்டும் என்று மகன் சொன்னான். ஆறு காய்ந்து கிடந்தது. விருத்தாசலம் மார்க்கெட்டில் பண்ணை விரால் வாங்கி வந்தோம். அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தார்கள்: இட்லி, கருவாட்டுக் குழம்பு, சுருட்டிய நரம்பும் முள்ளும், ஒரு பீங்கான் மணி. கற்பூரம் ஏற்றப் போகும் நேரத்தில் உறவுக்காரர் ஒருவர், மறந்துட்டீங்களே என்று சட்டைப் பையிலிருந்து போயிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். செத்தவர்களுக்குப் பீடி, சுருட்டு, சாராயம் வைக்கிற ஊர்தான். தப்பாக யாரும் நினைக்கவில்லை. அண்ணி எழுந்து வந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தார்கள். “இதுக்கு அவரு போதாதா? இன்னும் படையல் வேற போடணுமா?” என்றார்கள். கொண்டுபோய்ச் சாணிக்குழியில் போட்டுவிட்டு வந்து கையைக் கழுவினார்கள். பிறகுதான் கற்பூரம்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் நான் அந்த உறவுக்காரரைத் திண்ணைக்குக் கூப்பிட்டு, அண்ணன் பையிலிருந்த டார்ச்சை எடுத்து வாயைத் திறக்கச் சொன்னேன். முதலில் முறைத்தார். அண்ணி பின்னால் வந்து நின்றதும் திறந்தார். இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. மறுவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இன்னும் புற்று ஆகவில்லை, போயிலையை அடியோடு விட வேண்டும், தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். விட்டிருக்கிறார். இடையில் ஒரு தடவை திருட்டுத்தனமாகப் போட்டு, அண்ணியிடம் மாட்டிக்கொண்டார். போன மாதமும் போய்க் காட்டிவிட்டு வந்தோம், திட்டு பரவவில்லை. அடுத்த தடவை பஸ்ஸில் பட்டறைக்காரர்கள் இரண்டு பேரும் வருகிறார்கள்.